எக்ஸ்ரேயில் விழாத வலி

முன்சீட்டில் மூன்று பேர், பின்சீட்டில் நான்கு பேர், மடிகளில் குழந்தைகள் என்று அம்பாசடர் கார் கல்யாணத்துக்குப் போன காலத்தில், சீட்டின் முதுகு தோள்பட்டையோடு முடிந்துவிடும். அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. அரசு வண்டியானால் ஒரு வெள்ளைத் துண்டு, வாடகை வண்டியானால் பூப்போட்ட ரெக்ஸின் உறை. தலை தன் பாட்டுக்கு அந்தரத்தில் இருக்கும். சிக்னலில் நிற்கும்போது பின்னால் வந்த வேன் இடித்தால், எல்லோரும் இறங்கிப் பார்ப்பது பம்பரைத்தான். லேசான நசுங்கல். ஆளுக்கு ஒன்றுமில்லை. இரண்டு வசவு, ஐம்பது ரூபாய் சமாதானம், வண்டி கிளம்பிவிடும். மறுநாள் காலையில் பல் தேய்க்கப் போகும்போதுதான் கழுத்து திரும்பாது.

வீட்டில் முதலில் வெந்நீர் ஒத்தடம். இரண்டு நாளில் அடங்காவிட்டால் சுளுக்கு வழிப்பவர். அவர் எண்ணெய் தடவி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே, எதிர்பாராத நொடியில் தலையைச் சடக்கென்று திருப்புவார். அதிலும் தீராதவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, "எலும்புக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லி, ஒரு கழுத்துப் பட்டை எழுதிக் கொடுப்பார். வாரக்கணக்கில் போட வேண்டும். கழுத்தில் பெல்ட் போட்டவர் தெருவில் நடந்தால் விபத்து நடந்ததற்கு அதுவே அத்தாட்சி. சினிமாவில் அது நகைச்சுவை நடிகருக்கான உடுப்பு.

இன்று அதே இடி வாங்கிய ஒருவர், விவரம் தெரிந்த ஓர் அவசரப் பிரிவு மருத்துவரிடம் போனால் காட்சி வேறு. சில கேள்விகள், கழுத்தின் நடுக்கோட்டில் விரல் வைத்து ஒரு அழுத்தம், "இந்தப் பக்கம் திரும்புங்க, அந்தப் பக்கம் திரும்புங்க." எக்ஸ்ரேகூட எடுக்காமல் அனுப்பிவிடலாம். பட்டை கேட்டால், "வேண்டாங்க, எப்பவும்போல இருங்க, கழுத்தை மெதுவா ஆட்டிக்கிட்டே இருங்க" என்பார். கூட வந்த அம்மாவுக்கு இது பொறுக்காது. ஸ்கேனும் இல்லை, பெல்ட்டும் இல்லை, இதென்ன வைத்தியம் என்று இன்னொரு ஆஸ்பத்திரியைத் தேடுவார்.

கழுத்து அதேதான். ஏழு முள்ளெலும்புகள், அவற்றின் மேல் ஐந்து கிலோ அரிசிப் பை அளவுக்குக் கனக்கிற தலை. படத்தில் தெரியாத காயத்தை என்ன செய்வது என்பதில்தான் மருத்துவம் நூற்றைம்பது வருடமாகத் தடுமாறியது. தெரியாததால் பொய் என்றது ஒரு காலம். தெரியாவிட்டாலும் கட்டிப் போடு என்றது இன்னொரு காலம். இரண்டும் வலிக்காரருக்கு நல்லது செய்யவில்லை.

கதை காரில் தொடங்கவில்லை, ரயிலில் தொடங்குகிறது. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் ரயில்கள் அடிக்கடி மோதிக்கொண்டன. வெளிக்காயம் ஏதுமில்லாமல் எழுந்து நடந்து போனவர்கள் சில நாள் கழித்து முதுகு வலி, கழுத்து வலி, தலைசுற்றல், தூக்கமின்மை என்று வந்தார்கள். 1865 ஜூன் 9 அன்று ஸ்டேபிள்ஹர்ஸ்ட் என்ற இடத்தில் கவிழ்ந்த ரயிலில் சார்லஸ் டிக்கன்ஸ் இருந்தார். உடம்பில் பெரிய காயமில்லை. அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உதவினார். ஆனால் அதற்குப் பிறகு ரயில் பயணம் அவருக்கு நடுக்கமாகவே இருந்தது. ஐந்து வருடம் கழித்து, அதே ஜூன் 9 அன்று இறந்துபோனார்.

அந்த விபத்துக்கு மறுவருடம், 1866இல், லண்டன் அறுவை மருத்துவர் ஜான் எரிக் எரிக்சன் இத்தகைய நோயாளிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். குலுங்கலில் தண்டுவடத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத சேதம் ஏற்படுகிறது என்பது அவர் கட்சி. நீதிமன்றங்களில் ரயில் கம்பெனிகளுக்கு எதிராக அந்த நூல் கையில் ஏந்தப்பட்டது. கம்பெனிகள் சும்மா இருக்குமா? லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயின் மருத்துவரான ஹெர்பர்ட் பேஜ் 1883இல் பதில் நூல் எழுதினார். தண்டுவடத்தில் ஒன்றுமில்லை, எல்லாம் பயத்தின் வேலை என்றார். சம்பளம் எங்கிருந்து வந்தது என்பதை வைத்து அவரைத் தள்ளிவிடுவது சுலபம். ஆனால் அதிர்ச்சி மனதின் வழியாக உடம்பை வாட்டும் என்று அவர் எழுதியதில் உண்மையும் இருந்தது. இப்படி ஒரு பக்கம் 'உடம்பு', மறுபக்கம் 'மனசு', நடுவில் பணம். இந்த முக்கோணம் அன்று போட்டதுதான். ரயில் பெட்டியிலிருந்து இறங்கி அது அப்படியே காருக்குள் ஏறிக்கொண்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் கார்கள் பெருகின. சிக்னல் விளக்குகள் பெருகின. நிற்கிற காரைப் பின்னால் வருகிற கார் இடிப்பது அன்றாடச் செய்தியானது. இப்படிப்பட்ட இடியில் கழுத்துக்கு நேரும் காயத்தைக் குறிக்கும் விப்லாஷ் (சாட்டை வீச்சு) என்ற சொல் 1950களில் மருத்துவ இதழ்களிலிருந்து வக்கீல்களின் வாய்க்கும், அங்கிருந்து எல்லோர் வாய்க்கும் போனது. அப்போது நிலவிய விளக்கம் எளிமையானது. கார் முன்னால் தள்ளப்படுகிறது, உடம்பு சீட்டோடு முன்னால் போகிறது, தலை மட்டும் பின்தங்கி, தாழ்வான சீட்டின் மேல் பின்னோக்கி மடங்குகிறது, பிறகு முன்னால் வீசப்படுகிறது. அளவுக்கு மீறி மடங்குவதே காயம். 1955இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் டெர்வின் செவரியும் குழுவினரும் தன்னார்வலர்களை உட்காரவைத்துக் கார்களை மோதவிட்டே பார்த்தார்கள். தலைக்கு வருகிற உந்தல் காருக்கு வருவதைவிடத் தாமதமாக வருகிறது, வரும்போது காருடையதைவிடப் பெரிதாக வருகிறது என்று தெரிந்தது. பம்பர் நசுங்கவில்லை என்பது கழுத்துக்கு ஒன்றுமில்லை என்பதற்குச் சாட்சியல்ல என்ற விஷயம் அன்றே கருவிகளில் பதிவாகிவிட்டது. இன்றும் நம் ஊர் சமாதானப் பேச்சு பம்பரை வைத்துத்தான் நடக்கிறது.

டொராண்டோவின் இயன் மெக்நாப் 1960களில் இன்னும் ஒரு படி போனார். விலங்குகளில் சோதித்து, கழுத்தின் முன்புறத் தசைகள் கிழிவதையும் டிஸ்க் பிய்வதையும் காட்டினார். அவருடைய சோதனைகளைவிட எனக்குப் பிடித்தது அவர் எழுப்பிய கேள்வி. இதே நோயாளிகளில் சிலருக்கு அதே விபத்தில் மணிக்கட்டு உடைந்தது, கணுக்கால் பிசகியது. அவையெல்லாம் வழக்கமான காலத்தில் ஆறிவிட்டன. கழுத்து மட்டும் ஆறவில்லை. நஷ்டஈட்டு ஆசையில் வலிக்கிறது என்றால் அந்த ஆசை கணுக்காலை ஏன் விட்டுவிட்டது? வழக்கு முடிந்து பணம் கைக்கு வந்த பிறகும் பலருக்கு வலி போகவில்லை என்பதையும் அவர் பதிவு செய்தார். இதற்கு நேர் எதிராக, 1961இல் பிரிட்டிஷ் நரம்பியலாளர் ஹென்றி மில்லர், விபத்துக்குப் பின் நீளும் தொல்லைகளில் பெரும்பகுதி நஷ்டஈட்டோடு தீர்ந்துவிடுகிற நரம்புத் தளர்ச்சி என்று புகழ்பெற்ற சொற்பொழிவுகளில் சொன்னார். பல வருடங்கள் நீதிமன்றங்களில் மில்லரின் குரல்தான் ஓங்கி ஒலித்தது.

தலை பின்னால் மடங்குவதுதான் காயம் என்றால் வைத்தியமும் எளிது. பின்னால் ஒரு தடுப்பு வை. 1969 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் விற்கும் கார்களின் முன்சீட்டுகளுக்குத் தலைதாங்கி கட்டாயமானது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தார்கள். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை 1982இல் கணக்குப் பார்த்தபோது ஏமாற்றம். சீட்டோடு சேர்ந்த தலைதாங்கி, பின்புற மோதலில் காயத்தை 17 சதவீதம் குறைத்திருந்தது. ஏற்றி இறக்கும் வகை 10 சதவீதம்தான். ஏற்றி இறக்க வசதி கொடுத்தால் ஜனங்கள் இறக்கிவிட்டு அப்படியே மறந்துவிடுகிறார்கள். தாழ்ந்த தலைதாங்கி பிடரியைத் தாங்காது, தலை அதன்மேல் மடங்க ஒரு முட்டுதான் கொடுக்கும்.

ஆனால் 17 சதவீதம்கூட ஏன் அவ்வளவு குறைவு? காயம் உண்டாகும் தருணத்தையே தவறாகப் புரிந்துகொண்டிருந்தார்கள் என்பது 1990களில்தான் வெளிச்சமானது.

யேல் பல்கலைக்கழகத்தில் மனோகர் பஞ்சாபியின் ஆய்வகம் இறந்தவர்களின் கழுத்தெலும்புத் தொடர்களைச் சோதனை மேடையில் பொருத்தி, பின்னாலிருந்து மோதவிட்டு, ஒவ்வொரு எலும்பின் அசைவையும் அளந்தது. 1997இல் வந்த முடிவு பழைய படத்தைப் புரட்டிப் போட்டது. மோதலில் சீட்டு முதலில் தள்ளுவது முதுகை. மார்பும் தோளும் முன்னால் கிளம்பிவிடுகின்றன. தலை இன்னும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அந்த இடைவேளையில், சுமார் 50 முதல் 75 மில்லி விநாடிக்குள், கழுத்தின் அடிப்பகுதி பின்னோக்கி வளைகிறது, மேல்பகுதி முன்னோக்கி வளைகிறது. கழுத்து ஒரே வில்லாக வளையாமல் இரட்டை வளைவு கொள்கிறது. கீழ்க்கழுத்தின் மூட்டுகள் தாங்கும் எல்லையைத் தாண்டுவது இந்த நொடித்துணுக்கில்தான். தலை முழுவதுமாகப் பின்னால் சாய்வதும், தலைதாங்கியில் முட்டுவதும் அதற்குப் பிறகு நடக்கிறவை. கண் ஒருமுறை இமைப்பதற்குள் சேதம் முடிந்துவிடுகிறது. தசைகள் விழித்து முழுப் பலத்தோடு இழுத்துப் பிடிக்க 100 மில்லி விநாடிக்கு மேல் வேண்டும் என்பதால் அவை எப்போதும் பிந்தியே வந்து சேர்கின்றன. "இடிக்கப் போறான்னு தெரிஞ்சிருந்தா கெட்டியாப் பிடிச்சிருப்பேன்" என்பார்கள். தெரியாமல் வாங்கிய இடியில் பிடித்துக்கொள்ள நேரமே இல்லை.

ஜப்பானில் கோஜி கனேயோகா குழுவினர் இதை உயிரோடு இருப்பவர்களிடம் பார்த்தார்கள். தன்னார்வலர்களை மணிக்கு 4 கிலோமீட்டர் என்ற நடை வேகத்தில் மோதவிட்டு, எக்ஸ்ரேயைச் சலனப் படமாகப் பிடித்தார்கள். 1999இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது இது. சாதாரணமாகக் கழுத்தை அண்ணாந்து பார்க்கும்போது எலும்புகளின் பின்புறம் இருக்கும் சிறு மூட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்லும். மோதலின்போது, குறிப்பாக ஐந்தாம் ஆறாம் எலும்புகளுக்கு நடுவே, அவை வழுக்காமல் முட்டிக்கொள்கின்றன. மூட்டுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு மடிப்பு அந்த முட்டலில் நசுங்க வாய்ப்புண்டு.

அந்தச் சிறு மூட்டுகள்தான் இந்தக் கதையின் மையம். முதுகெலும்பு என்றாலே நமக்கு டிஸ்க்தான் ஞாபகம் வரும். "ஜவ்வு விலகிடுச்சு" என்பது தமிழ்நாட்டின் பொதுவான நோய்க்கணிப்பு. ஆனால் ஒவ்வொரு முள்ளெலும்புக்கும் பின்னால், இடமும் வலமும் விரல் நுனி அளவில் ஒரு மூட்டு இருக்கிறது. முழங்காலைப் போலவே அதற்கும் குருத்தெலும்பு உண்டு, உறை உண்டு, வலியை எடுத்துச்செல்லும் நரம்பும் உண்டு. அங்கே ஏற்படும் கீறலையோ உறைக் கிழிசலையோ சாதாரண எக்ஸ்ரே காட்டாது. எம்.ஆர்.ஐ.யும் பெரும்பாலும் காட்டாது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் டெய்லரும் டூமியும் சாலை விபத்தில் இறந்தவர்களின் கழுத்தைப் பிரேதப் பரிசோதனையில் மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்து 1993இல் எழுதினார்கள். டிஸ்க்கின் விளிம்பில் கிழிசல், சிறு மூட்டுகளுக்குள் ரத்தக் கசிவு. படத்தில் 'ஒண்ணும் இல்ல' என்று வந்திருக்கக்கூடிய கழுத்துகள் அவை.

சரி, உயிரோடு இருப்பவரிடம் எப்படிக் கண்டுபிடிப்பது? அதே ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில் நிக்கோலாய் போக்டக்கும் அவரது குழுவும் ஒரு நேர்மையான வழி கண்டார்கள். சந்தேகப்படும் மூட்டுக்குப் போகும் நரம்பை ஊசியால் மரத்துப்போகச் செய்வது. வலி போனால் அங்கேதான் கோளாறு. அதையும் நம்பிவிடாமல், ஒரு நாள் குறுகிய நேர மருந்து, இன்னொரு நாள் நீண்ட நேர மருந்து, எது எதென்று நோயாளிக்கும் தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது. குறுகியதில் வலி சீக்கிரம் திரும்பி, நீண்டதில் தாமதமாகத் திரும்பினால்தான் கணக்கில் சேர்த்தார்கள். விப்லாஷுக்குப் பின் நாட்பட்ட வலியோடு வந்தவர்களில் பாதிக்குச் சற்று மேலானவர்களுக்கு வலியின் ஊற்று அந்தச் சிறு மூட்டுதான் என்று தெரிந்தது. பொய் சொல்கிறவருக்கு எந்த ஊசியில் எந்த மருந்து என்று தெரிந்திருக்க வழியில்லை. நூறு வருடச் சந்தேகத்துக்கு இதைவிட நல்ல பதிலை நான் படித்ததில்லை.

அடுத்து அதே குழு, ரேடியோ அலை வெப்பத்தால் அந்த நரம்பைச் சுட்டு மரக்கச் செய்யும் சிகிச்சையை 24 பேரிடம் சோதித்தது. பாதிப் பேருக்கு உண்மையான சூடு, பாதிப் பேருக்கு ஊசி மட்டும். பழைய வலியில் பாதி திரும்பி வர உண்மைச் சிகிச்சை பெற்றவர்களுக்கு நடுவாக 263 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 8 நாள். 1996இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. நரம்பு மறுபடி வளர்வதால் வலியும் திரும்பும், மறுபடி சுட வேண்டியிருக்கும். எல்லோருக்கும் பொருந்துகிற வைத்தியமும் அல்ல.

இரட்டை வளைவு தெரிந்ததும் கார்ப் பொறியாளர்களின் வேலை மாறியது. தலை மடங்கிய பிறகு தாங்கினால் போதாது. முதுகு கிளம்பும்போதே தலையும் கூடவே கிளம்ப வேண்டும். தலைக்கும் தாங்கிக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் எதிரி. 1997இல் சாப் நிறுவனம் ஒரு சீட்டைக் கொண்டுவந்தது. மோதலில் முதுகு சீட்டை அழுத்த, அந்த அழுத்தமே நெம்புகோலாகி தலைதாங்கியை மேலும் முன்னுமாகத் தள்ளும். மறுவருடம் வால்வோ, சீட்டின் முதுகே மெல்லப் பின்வாங்கி உந்தலை உறிஞ்சும் அமைப்பை வைத்தது. ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் மனிதனைப் போலவே அசையும் முதுகெலும்பு கொண்ட சோதனைப் பொம்மை உருவானது. 2009 முதல் ஐரோப்பிய நட்சத்திர மதிப்பீட்டில் விப்லாஷ் சோதனையும் எண்ணப்பட்டது.

அந்தப் பொம்மை ஓர் ஆண். சுமார் 78 கிலோ. பின்புற மோதலில் கழுத்துக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் என்பது செவரி காலத்துக்குப் பிறகு மறுபடி மறுபடி பதிவான செய்தி. இருந்தும் சராசரிப் பெண்ணின் உடலமைப்பில், 162 சென்டிமீட்டர் உயரமும் 62 கிலோ எடையும் கொண்ட பின்புற மோதல் பொம்மையை ஸ்வீடனின் ஆஸ்ட்ரிட் லிண்டர் குழு உலகுக்குக் காட்டியது 2022இல்.

இந்தியாவில் 2023 அக்டோபர் 1 அன்று தொடங்கிய பாரத் என்கேப் மதிப்பீட்டின் நட்சத்திரங்கள் முன்பக்க, பக்கவாட்டு மோதல்களை வைத்துத்தான் தரப்பட்டன. பின்பக்கத்துக்கு நாமேதான் பொறுப்பு. செலவில்லாத வேலை அது. தலைதாங்கியின் மேல் விளிம்பு உச்சந்தலை உயரத்துக்கு, குறைந்தது காதின் மேல் விளிம்புக்காவது வரவேண்டும். தலைக்குப் பின்னால் நான்கு விரல் இடைவெளிக்கு மேல் வேண்டாம். விலை குறைந்த கார்களில் சீட்டோடு ஒட்டிய தலைதாங்கியைப் பார்த்து மலிவு என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. சராசரி உயரக்காரர்களுக்கு அது மோசமில்லை, யாரும் இறக்கிவிட்டு மறக்க முடியாது. ஆன்லைனில் வாங்கி மாட்டும் கழுத்துத் தலையணைகள் வேறு சங்கதி. பிடரிக்குக் கீழே புடைத்துக்கொண்டு தலையைத் தாங்கியிலிருந்து தள்ளி வைப்பவை, பொறியாளர்கள் முப்பது வருடம் பாடுபட்டுக் குறைத்த இடைவெளியை இருநூறு ரூபாயில் திருப்பிக் கொடுத்துவிடும்.

இனி அந்தப் பட்டை. அடிபட்டதை அசைக்காதே என்பது எலும்பு முறிவின் பாடம். அதைக் கழுத்துச் சுளுக்குக்கும் நீட்டினார்கள். பெல்ஃபாஸ்டில் மெக்கின்னி 1989இல் வெளியிட்ட ஆய்வு இந்த வழக்கத்துக்கு விழுந்த முதல் அடிகளில் ஒன்று. ஓய்வும் பட்டையும் எடுத்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு இரண்டு வருடம் கழித்தும் தொல்லை இருந்தது. கழுத்தை நீங்களே இப்படி இப்படி அசையுங்கள் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் அது 23 சதவீதம். 1995இல் கனடாவின் கியூபெக் மாகாண வாகனக் காப்பீட்டு அமைப்பு கூட்டிய நிபுணர் குழு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைச் சல்லடை போட்டு, நம்பத்தக்கவை என்று 62ஐ மட்டுமே ஏற்றது. ஒரு துறை முழுவதும் எவ்வளவு ஊகத்தில் ஓடிக்கொண்டிருந்தது என்பதற்கு இந்த ஒரு எண் போதும். பட்டையால் பயனுண்டு என்பதற்கு அந்த 62இல் ஆதாரமில்லை, சீக்கிரம் பழைய வேலைக்குத் திரும்புவதே நல்லது என்றது குழு. நார்வேயின் ட்ரொண்ட்ஹெய்மில் 1998இல் அதுவே உறுதிப்பட்டது. டென்மார்க்கில் 2007இல் நடந்த பெரிய ஆய்வில் பட்டை போட்டவர்களும் போடாதவர்களும் ஒரு வருட முடிவில் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தார்கள். ஆக, பட்டை விஷமல்ல. பயனில்லாத ஒன்றை வாரக்கணக்கில் கட்டிக்கொண்டு, தான் உடைந்துபோன ஆள் என்று ஒருவர் நம்பத் தொடங்குவதுதான் அதில் உள்ள கேடு.

இங்கே ஒரு குறுக்கீடு அவசியம். எலும்பு முறிந்திருக்கலாம் என்ற சந்தேகம் உள்ளவரை மேற்சொன்ன எதுவும் பொருந்தாது. பெரிய விபத்தில் 108 ஆம்புலன்ஸ் ஊழியர் கழுத்துக்குப் பட்டை மாட்டினால் அதைக் கழற்றச் சொல்லி யாரும் தகராறு செய்யக்கூடாது. யாருக்குப் படம் எடுக்க வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதற்கும் இன்று நல்ல விதி இருக்கிறது. கனடாவின் இயன் ஸ்டீல் குழு 8,924 நோயாளிகளைப் பார்த்து 2001இல் வகுத்தது. வயது 65 அல்லது அதற்கு மேல், கை கால் மரத்துப் போதல், ஆபத்தான விதத்தில் அடிபட்டது, இவற்றில் ஒன்றிருந்தால் படம் கட்டாயம். இவை இல்லாமல், சாதாரணப் பின்புற மோதல், அல்லது எழுந்து நடந்தது, அல்லது வலி உடனே வராமல் பிந்தி வந்தது போன்ற நல்ல அறிகுறி ஒன்றாவது இருந்து, இடமும் வலமும் 45 பாகை தலையைத் திருப்பவும் முடிந்தால் படம் வேண்டாம். எச்சரிக்கை ஒன்று: பஸ்ஸோ லாரியோ வந்து இடித்ததை அந்த விதி 'சாதாரணப் பின்புற மோதல்' என்று ஏற்பதில்லை. ஜி.எஸ்.டி. சாலையில் கார் ஓட்டுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். சுளுக்கு வழிப்பவரிடம் போவதென்றாலும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்த பிறகுதான். முறிந்த கழுத்தைச் சடக்கென்று திருப்பினால் தண்டுவடம் மிஞ்சாது.

பணத்தின் கதைக்கு வருவோம். லிதுவேனியாவின் கவுனாஸ் நகரில், வாகனக் காப்பீட்டுப் பழக்கம் ஊன்றாத காலத்தில், பின்புற மோதலுக்கு ஆளான 202 பேரை நார்வே ஆய்வாளர்கள் தேடிப்பிடித்துக் கேட்டார்கள். அடிபடாத அக்கம்பக்கத்தாரைவிட அவர்களுக்குக் கழுத்து வலி கூடுதலாக இல்லை. 1996இல் லான்செட்டில் வந்த இந்த ஆய்வு பெரும் சண்டையைக் கிளப்பியது. 202 பேரில் ஆரம்பத்திலாவது கழுத்து வலித்தவர்களே கொஞ்சம் பேர், இதை வைத்து நாட்பட்ட வலியே இல்லை என்பதா என்று எதிர்த்தரப்பு கேட்டது, நியாயமாகவே. கனடாவின் சஸ்காட்செவன் மாகாணம் 1995 முதல் 'வலிக்கும் வேதனைக்கும்' தனியாகத் தரும் இழப்பீட்டை நிறுத்தியது. கழுத்துக் காயக் கோரிக்கைகள் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. கோப்பு முடிய ஆன நாள் நடுவாக 433இலிருந்து 200 அளவுக்கு இறங்கியது. பிரிட்டனில் இங்கிலாந்தும் வேல்ஸும் 2021 மே 31 முதல் விலைப்பட்டியலே போட்டுவிட்டன. தொடங்கியபோது அதில் மூன்று மாதத்துக்குள் தீரும் கழுத்து வலிக்கு 240 பவுண்டு, இரண்டு வருடம் நீடித்தால் 4,215 பவுண்டு என்று இருந்தது.

ஜெர்மனியில் ஒரு குறும்பான சோதனை நடந்தது. 51 பேரைக் காரில் உட்காரவைத்து, மோதல் சத்தமும் கண்ணாடி உடையும் ஒலியும் எழுப்பி, உடம்பில் உந்தலே இல்லாத பொய் மோதல் ஒன்றை நடத்தினார்கள். ஐந்தில் ஒருவருக்குக் கழுத்து வலி போன்ற தொல்லைகள் வந்தன. நஷ்டஈடு எதுவும் கிடையாது. அவர்கள் பொய் சொல்லவில்லை. வலித்தது.

இதையெல்லாம் அடுக்கி 'பார், எல்லாம் மனசுதான்' என்பவர்கள் இன்றும் உண்டு. போக்டக்கின் ஊசியைக் காட்டி 'எல்லாம் மூட்டுதான்' என்பவர்களும் உண்டு. இரண்டு கூட்டமும் எரிக்சன், பேஜ் காலத்திலேயே நிற்கின்றன என்பது என் எண்ணம். இன்றைய ஆய்வுகளில் யாருக்கு வலி நீடிக்கும் என்பதை நன்றாக முன்கூட்டிச் சொல்வது மோதலின் வேகம் அல்ல. முதல் நாட்களின் வலியின் கடுமை, அன்றாட வேலைகள் எவ்வளவு முடங்கின, விபத்தின் நினைவு திரும்பத் திரும்ப வந்து உலுக்குகிறதா, குணமாகிவிடுவோம் என்ற நம்பிக்கை இருக்கிறதா என்பவைதான். கிழிந்த மூட்டுறையிலிருந்து வரும் சேதியை, பயந்துபோன நரம்பு மண்டலம் பெரிதாக்கிக் கேட்கிறது. பயமும் அதே உடம்பில்தான் நடக்கிறது.

தெரிந்துகொண்ட அளவுக்குக் குணப்படுத்தும் திறன் வளரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு வருடம் கழித்தும் ஏதோ ஒரு தொல்லை இருக்கிறது. வாரக்கணக்கில் விரிவான உடற்பயிற்சித் திட்டம் கொடுத்துப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வு 2014இல் லான்செட்டில் வந்தது. அரை மணி நேரம் உட்கார்ந்து விளக்கி, அறிவுரை சொல்லி அனுப்பியதைவிட அது மேலாக இல்லை. பிசியோதெரபி பேக்கேஜ் என்று பத்து அமர்வுக்கு முன்பணம் கட்டச் சொல்கிறவர்களிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

நம் ஊர்ச் சட்டம் இதில் எங்கே நிற்கிறது? பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் எலும்பு முறிந்தால் அது கொடுங்காயம். முறியாவிட்டால், கடும் வலியிலோ வேலைக்குப் போக முடியாமலோ 20 நாள் கிடந்திருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்த 20 நாள் 15 ஆகக் குறைந்திருக்கிறது. ஆனால் காயச் சான்றிதழுக்கு ஆதாரமான ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேடு, ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்வது, முதல் நாளே எழுதப்பட்டுவிடுகிறது. அன்று எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றால் 'சாதாரணக் காயம்'. அன்று வலியே இல்லாமல் வீட்டுக்குப் போனவருக்குப் பதிவே கிடையாது. மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இன்ஷூரன்ஸ் தரப்பு வக்கீலின் முதல் கேள்வி, "விபத்து நடந்த அன்னைக்கே ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகல?" என்பதாக இருக்கும். வலி பிந்தி வந்தால் எலும்பு முறிவு இல்லை என்று ஆறுதல் கொள்கிறது கனடா விதி. அதே பிந்தல் கூண்டில் நிற்பவருக்கு எதிரான சாட்சியாகிறது. மறுநாள் காலையில் கழுத்து திரும்பவில்லை என்றால் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய், நேற்று எந்த இடத்தில், எந்த வண்டி, பின்னாலிருந்தா பக்கத்திலிருந்தா என்று சொல்லி, எப்போது வலி தொடங்கியது என்பதையும் பதிவேட்டில் எழுதச் சொல்ல வேண்டும். "எலும்புக்கு ஒண்ணும் இல்லையே" என்று பணி மருத்துவர் சலித்துக்கொண்டாலும், அந்த ஒரு வரியை எழுதி வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும்.